ஜெர்மனியில் ஒரு செமஸ்டர் பண்பாட்டிடைத் தொடர்பியல்: போட்ட காசுக்குத் தகுமா?

வேப்பனப்பள்ளியிலிருந்து ஒருத்தி ஜெர்மனிக்குப் போய் ஒரு செமஸ்டர் பண்பாட்டிடைத் தொடர்பியல் (வெவ்வேறு பண்பாட்டு மக்கள் ஒருவரையொருவர் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்ற படிப்பு) படித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று தெரிந்ததிலிருந்து, கிருஷ்ணகிரி பக்கம் எம்.ஏ. படிக்கிற பெண்கள் மூன்று நான்கு பேர் போன் செய்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: அவ்வளவு செலவு செய்து போனீங்களே அக்கா, அப்படி என்னதான் சொல்லிக்கொடுத்தாங்க? ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிகிறது. அதனால் எழுதியே விடுகிறேன். குறைகளையும் எழுதப்போவதால் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லவில்லை. கிழக்கு ஜெர்மனியில் ஒரு நடுத்தர ஊர், 2025 கோடை செமஸ்டர், ஏப்ரலில் தொடங்கி ஜூலை நடுவில் வகுப்புகள் முடிந்தன.

முதலில் காசு. நான் படித்த கல்லூரிக்கும் அவர்களுக்கும் மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் இருந்ததால் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டர் பங்களிப்பு மட்டும்தான். ஆனால் அங்கே தங்கிச் சாப்பிடக் கையில் பணம் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்ட வேண்டும். நான் போன 2025இல் மாதம் 992 யூரோ கணக்கு, ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. அப்போது நம் பணத்தில் ஐந்தரை லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை முடக்குக் கணக்கில் போட்டுவிட்டால் மாதாமாதம் 992 ஆகத் திரும்பி வரும், எங்கேயும் போய்விடாது. விசாக் கட்டணம் 75 யூரோ, மருத்துவக் காப்பீடு, விமான டிக்கெட் எல்லாம் தனி. எங்கள் வீட்டில் அம்மாவின் நகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்து, மீதிக்கு நைனா (என் அப்பா) மாமரக் குத்தகைப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொடுத்தார். ஊரில் ஒரு ஏஜென்ட் எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாகச் சொல்லி ஒரு பெரிய தொகை கேட்டார். ஒப்பந்தம் வழியாகப் போகிறவர்களுக்கு ஏஜென்ட் தேவையே இல்லை, கல்லூரியின் அயல்நாட்டுத் தொடர்பு அலுவலகமும் சென்னை விசா மையமும் போதும். இதை நான் தெரிந்துகொள்ள ஒரு மாதம் ஆனது, உங்களுக்கு அந்த ஒரு மாதம் மிச்சம்.

சரி, படிப்பு. வாரத்துக்கு இரண்டு விரிவுரை, ஒரு செமினார், அப்புறம் களப்பணி. விரிவுரையில் வருவதெல்லாம் இந்தத் துறையின் அடிப்படைகள்தான். எட்வர்ட் ஹால், 1950களில் அமெரிக்க வெளியுறவுத் துறை ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். நேரமும் இடைவெளியும் மௌனமும்கூட ஒரு மொழி என்று சொன்னவர். பிறகு கேர்ட் ஹோஃப்ஸ்டெட். 1967 முதல் 1973 வரை ஐபிஎம் நிறுவனத்தின் ஊழியர்களிடம் பல நாடுகளில் நடத்திய கணக்கெடுப்பை வைத்து ஒவ்வொரு நாட்டுக்கும் மதிப்பெண் போட்டவர். அதிகார இடைவெளியில், அதாவது மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்ற அளவில், இந்தியாவுக்கு 77, ஜெர்மனிக்கு 35. திரையில் இந்த இரண்டு எண்ணையும் போட்டுவிட்டு, இந்தியாவில் மேலதிகாரியை யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள் என்று விரிவுரையாளர் சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை. 1978இல் இந்தியாவை விட்டே வெளியேறிய ஒரு நிறுவனத்தில் அன்றைக்கு வேலை பார்த்த படித்த நகரத்து ஊழியர்கள் சிலர் நிரப்பிக்கொடுத்த படிவம், தேன்கனிக்கோட்டைக்கும் கொல்கத்தாவுக்கும் சேர்த்து எப்படி ஒரே எண்ணாக முடியும் என்று எழுந்து கேட்டேன். அவர் கோபப்படவில்லை, அதையே என் செமஸ்டர் கட்டுரைக்குத் தலைப்பாகக் கொடுத்துவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. ஆனாலும் விரிவுரை என்ற அளவில் பார்த்தால் இது நூலகத்தில் உட்கார்ந்து நாமே படித்துக்கொள்ளக் கூடிய விஷயம்தான், அதற்காக விமானம் ஏற வேண்டியதில்லை.

ஏற வேண்டியது களக் குறிப்பேட்டுக்காக. செமினார் ஆசிரியை முதல் வாரமே ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்தி: பார்த்தது என்ன, அதை எப்படிப் புரிந்துகொண்டேன், அதைப் பற்றி என்ன நினைக்கிறேன். இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது என்பதுதான் விதி. கேட்க எளிது, செய்து பாருங்கள் தெரியும். நான் ஆங்கிலத்தில் எழுதிய முதல் பத்துப் பக்கத்தையும் அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். முதல் பத்தியிலேயே முரட்டுத்தனம், அலட்சியம் என்று தீர்ப்பு எழுதியிருக்கிறாய், கண்ணால் பார்த்தது எங்கே என்றார். உன் மொழியில் எழுது, வகுப்பில் வாயால் சொன்னால் போதும் என்றும் சொன்னார். வீட்டில் தெலுங்கு பேசினாலும் எழுத்து எனக்குத் தமிழ்தான். தமிழில் எழுதத் தொடங்கிய பிறகு சின்னச் சின்ன விஷயமெல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது.

ஓர் உதாரணம். என் அறைத்தோழி ஏப்ரல் குளிரில் காலையில் எல்லாச் சன்னலையும் அகலத் திறந்துவிடுவாள். அங்கே அது வழக்கம், வீட்டுக் காற்று மாற வேண்டுமாம். நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து, "இன்னிக்கு ரொம்பக் குளிரா இருக்குல்ல?" என்றேன். "ஆமா, ரொம்பக் குளிர்" என்று சொல்லிவிட்டு அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். மூன்று நாள் இப்படியே போனது. நம் வீட்டில் என்றால் அந்த ஒரு வார்த்தைக்கு அத்தை எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தியிருப்பார். நான்காவது நாள் குறிப்பேட்டில் இதை எழுதும்போதுதான் தெரிந்தது, அவளிடம் நான் எதையுமே கேட்கவில்லை. "பத்து நிமிஷத்தில் சாத்திவிடலாமா?" என்று அன்று கேட்டேன், உடனே சாத்திவிட்டு, "முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்றாள், உண்மையான வருத்தத்தோடு. அதே தோழி, கழுவாத வாணலியைப் பற்றித் தேதியும் நேரமும் போட்டு அடுப்படியில் சீட்டு ஒட்டியபோது நான் சண்டைக்கு வருகிறாள் என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அவளைப் பொறுத்தவரை அது வெறும் தகவல்.

சூழலை வைத்துக் குறிப்பால் உணர்த்தும் பேச்சு, எல்லாவற்றையும் சொல்லிலேயே சொல்லிவிடும் பேச்சு என்று ஹால் பிரித்ததை இந்தச் சன்னலுக்குப் பிறகுதான் உணர்ந்தேன். செமினாரில் என் முறை வந்தபோது நம் தகடூரையே எடுத்துக்கொண்டேன். அதியமான் ஔவையாரைத் தொண்டைமானிடம் தூது அனுப்புகிறான். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். உங்கள் ஆயுதங்கள் மயிற்பீலியும் மாலையும் சூடி நெய் பூசிக் காவலோடு அழகாக இருக்கின்றன, எங்கள் மன்னனுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. சொல்லில் முழுக்கப் பாராட்டு, உள்ளே போர் எச்சரிக்கை. இதைச் சொல்லி முடித்ததும் ஜப்பானிய மாணவி உடனே சிரித்துவிட்டாள், இரண்டு ஜெர்மன் மாணவர்கள் "அப்படியானால் அவர் ஏன் நேராகச் சொல்லவில்லை?" என்று கேட்டார்கள். ஆசிரியை அந்த வகுப்பு முழுவதையும் அந்தக் கேள்விக்கே விட்டுவிட்டார். எந்த விரிவுரையும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஈடாகாது.

களப்பணிக்கு நான் வாரச்சந்தையைத் தேர்ந்தெடுத்தேன். பேரம் இல்லை, பழத்தைத் தொட்டு அழுத்திப் பார்த்தால் கடைக்காரர் முகம் மாறுகிறது, வரிசையில் இருவருக்கு நடுவே விடும் இடைவெளியில் நம் ஊரில் இன்னொருவர் நின்றுவிடலாம். எழுதிக்கொண்டே வந்தபோது மனது முழுக்க எங்கள் குந்தாரப்பள்ளிச் சந்தையில் இருந்தது. சின்ன வயதிலிருந்து நைனாவோடு போயிருக்கிறேன். துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், ஆந்திராவிலிருந்து வந்தவருக்கும் கர்நாடகாவிலிருந்து வந்தவருக்கும் நடுவில் ஒரு வார்த்தை இருக்காது, பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியாது. மூன்று மாநிலம் சந்திக்கிற இடத்தில் பிறந்து, வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சந்தையில் கன்னடம், பக்கத்து வீட்டில் உருது என்று வளர்ந்த எனக்கு, இது ஒரு படிப்பு என்று தோன்றவே இல்லை. அதைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது.

ரொம்ப வலித்த வகுப்பு, மில்டன் பென்னட் என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றியது. வேறு பண்பாட்டை ஒருவர் எப்படி எதிர்கொள்கிறார் என்பதற்கு ஆறு படி வைத்திருக்கிறார்: மறுத்தல், தற்காத்தல், வேறுபாட்டைச் சிறிதாக்குதல், ஏற்றல், ஒத்துப்போதல், ஒன்றிப்போதல். எந்த ஊராக இருந்தாலும் மனுசன் மனுசன்தான் என்பதுதான் உச்சப் படி என்று நான் நம்பியிருந்தேன். அது மூன்றாவது படி. எல்லாரும் ஒன்றுதான் என்று சொல்லும்போது, எல்லாரும் என்னைப் போலத்தான் என்று நினைத்துவிடுகிறோம், எதிரில் இருப்பவரின் வித்தியாசத்தைப் பார்க்காமலேயே தாண்டிவிடுகிறோம் என்றார் ஆசிரியை. அன்றிரவு நைனாவிடம் போனில் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுவும் சரிதான்மா" என்றார்.

நமக்குச் சாதகமான விஷயமும் உண்டு. மரியாதைக்கு ஒன்று, நெருக்கத்துக்கு ஒன்று என்று ஜெர்மனில் இரண்டு 'நீ' இருக்கிறது: ஸீ, டூ. அமெரிக்க மாணவர்கள் எப்போது எதைச் சொல்வது என்று திணறினார்கள், நீ–நீங்கள், நுவ்வு–மீரு, நீனு–நீவு என்று மூன்று மொழியில் பழகிய எனக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. நேர அட்டவணையில் 10 சி.டி. என்று போட்டிருந்தால் வகுப்பு 10:15க்குத்தான், இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பத்து மணிக்குப் போனால் அறை காலியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது, சனிக்கிழமையே அரிசி வாங்கிவிடுங்கள். கிளம்பும் முன் ஜெர்மன் மொழியில் ஏ2 என்ற இரண்டாம் நிலை வரையாவது படியுங்கள். நான் வார இறுதியில் பெங்களூருக்கு பஸ்ஸில் போய்ப் படித்தேன், போக 90 கிலோமீட்டர் வர 90, சிரமம்தான், ஆனால் அது இல்லாமல் சந்தையில் நான் யாரிடமும் பேசியிருக்க முடியாது.

இப்போது குறைகள். தங்கும் அறை உறுதி என்று எழுதிக்கொடுத்திருந்தார்கள், போய் இறங்கிய பிறகு பதினாறு நாள் கிடைக்கவில்லை. விடுதியில் தங்கி 400 யூரோவுக்கு மேல் கரைந்தது, மூன்று கடிதம் எழுதியும் ஒரு வரி வருத்தம் வரவில்லை. பண்பாட்டிடைத் தொடர்பு சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இந்திய மாணவர்கள் ஐந்து பேரையும் ஒரே குழுப்பணியில் போட்டார்கள், நாங்கள் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இதைவிடப் பெரிய குறை, ஊர் திரும்புவதற்கான பயிற்சி. திட்ட அறிக்கையில் இரண்டு நாள் பட்டறை என்று இருந்தது, வந்ததோ நான்கு பக்கக் கோப்பு ஒன்று. வெளிநாடு போனவர் மனநிலை முதலில் உயர்ந்து, தாழ்ந்து, மெல்ல ஏறும், வீடு திரும்பியதும் இதே மறுபடி நடக்கும் என்று 1963லேயே ஆய்வாளர்களான குல்லஹார்ன் தம்பதியர் எழுதிவிட்டார்கள், அதை எங்களுக்குத் தேர்வுக்கு வைத்தார்கள், ஆனால் எங்களைத் தயார் செய்யவில்லை. வந்த இரண்டாவது வாரம் அத்தை சாப்பிட அழைத்தபோது "இன்னிக்கு வேண்டாம் அத்தை, எனக்கு விருப்பமில்லை" என்று சொல்லிவிட்டேன். அத்தை முகம் வாடியது இன்றும் கண்ணில் நிற்கிறது. "இந்தப் பேச்சை எங்க கத்துக்கிட்ட?" என்று அம்மா கேட்டார், அத்தை வீட்டுக்குப் போய் இரண்டு வேளை சாப்பிட்டுத்தான் சமாதானம் ஆனது.

மதிப்பெண் கேட்கிறவர்களுக்கு: விரிவுரைக்கு ஐந்தில் இரண்டரை, நிர்வாகத்துக்கு ஒன்றரை, செமினாருக்கும் குறிப்பேட்டுக்கும் ஐந்து. ஓசூரில் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசும் வேலைக்கோ, ஆசிரியர் பணிக்கோ போக நினைப்பவர்கள் தயங்காமல் போகலாம். அங்கேயே வேலை தேடத்தான் போகிறீர்கள் என்றால் ஆறு மாதத் திட்டம் உதவாது, முழு முதுகலைக்கு விண்ணப்பியுங்கள். எந்தத் திட்டமானாலும் கையெழுத்துப் போடும் முன் களப்பணி உண்டா, அதை யார் படித்துத் திருத்துவார்கள், அறைக்கு எழுத்தில் உத்தரவாதம் உண்டா, திரும்பும்போது பட்டறை உண்டா என்று கேளுங்கள்.

என் குறிப்பேடு மூன்றும் வீட்டில்தான் இருக்கின்றன. கிருஷ்ணகிரி பக்கம் யாராவது கிளம்புவதாக இருந்தால் வந்து வாங்கிப் படிக்கலாம், முதல் பத்துப் பக்கம் தவிர மீதி எல்லாம் தமிழில்தான் இருக்கிறது.