சாம்பார் சோறா, தனிச் சமையலா, பாக்கெட் தீனியா?

நாயோ பூனையோ வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே இரண்டு வழக்குகள் தொடங்கிவிடும். என்ன போடுவது, எங்கே வைத்துப் போடுவது. பாட்டி "நாம சாப்பிடறதையே ஒரு பிடி போட்டா போதாதா" என்பார். பிள்ளைகள் செல்லப்பிராணிக் கடையில் பார்த்த பையைக் காட்டுவார்கள். அடுக்களை வாசலைத் தாண்டக் கூடாது என்று ஒருவர் சொல்ல, பூனை அதற்குள் மேடையில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாய்க்குத் தனியாகச் சமைத்துப் போடலாம், பாக்கெட் தீனியும் போடலாம், இரண்டையும் கலந்தும் போடலாம். பூனைக்கு அடிப்படை உணவு பாக்கெட்டாகத்தான் இருக்க வேண்டும். நம் தட்டில் மிஞ்சியதை மட்டும் இரண்டுக்குமே போடக் கூடாது.

மிச்சச் சோறு

இதற்கென்று ஒரு நியாயம் இருக்கிறது. காசு செலவில்லை, சோறு வீணாவதில்லை. காக்கைக்கு ஒரு பிடி வைத்துவிட்டுச் சாப்பிடுகிற வீட்டில், வாசலில் காத்திருக்கும் நாய்க்குப் பங்கு இல்லை என்று சொல்ல மனம் வராது. நாய்க்குச் சோறே ஆகாது என்று சொல்பவர்களும் தவறுகிறார்கள். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு அதிகம் என்று 2013ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. மனிதன் வீட்டுச் சோற்றைத் தின்றே வளர்ந்த இனம் அது.

ஆக, தொல்லை சோற்றில் இல்லை, குழம்பில் இருக்கிறது. நம் குழம்புகளில் பெரும்பாலானவை வெங்காயம், பூண்டு, புளி மூன்றில் ஒன்றாவது இல்லாமல் இறங்காது. வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டுக்கும் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் வதக்கினாலும் அந்த நஞ்சு போகாது. பூனைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே பாதிப்பு உண்டாக்கப் போதும். 4 கிலோ பூனைக்கு 20 கிராம், அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம். நாய்க்கு இந்த அளவு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம். பூண்டு இதைவிட வீரியம் கூடியது. ஒரே வேளையில் தின்றால்தான் என்றில்லை, தினம் கொஞ்சமாகப் போனாலும் சேர்ந்துகொண்டே வரும். அறிகுறி தெரியவே சில நாள் ஆகும். ஈறு வெளிறும், மூத்திரம் தேநீர் நிறத்தில் போகும், நாய் சோர்ந்து படுத்துவிடும். அதற்குள் என்ன தின்றது என்பதையே நாம் மறந்திருப்போம்.

புளி விஷயம் நம் ஊரில் இன்னும் பரவலாகத் தெரியவில்லை. திராட்சை தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதாவது பல வருடங்களாகத் தெரிந்ததுதான், காரணம்தான் பிடிபடாமல் இருந்தது. 2021ல் அமெரிக்காவின் ஏஎஸ்பிசிஏ என்ற விலங்கு வதைத் தடுப்பு அமைப்பைச் சேர்ந்த நச்சியல் மருத்துவர்கள் டார்டாரிக் அமிலத்தைச் சுட்டிக்காட்டினார்கள். புளியில் நிறைந்திருப்பதும் அதே அமிலம்தான். புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் கெட்டதை அடுத்த வருடம் பதிவு செய்தார்கள். சாம்பாரில் புளி கொஞ்சம்தான், வத்தக்குழம்பிலும் புளியோதரையிலும் அதிகம். நான் அந்தக் கொஞ்சத்தையும் போட மாட்டேன். சர்க்கரைப் பொங்கல், கேசரி, பாயசத்தில் நெய்யில் வறுத்துப் போடும் உலர்திராட்சைக்கும் இதே கதைதான். பண்டிகை நாளில் வீட்டுக்கு வருகிற உறவுக்காரக் குழந்தைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

பிரியாணி எலும்பும் வேண்டாம். வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும்.

"நாங்க வளர்த்த நாயெல்லாம் சாம்பார் சோறு தின்னுதான் பன்னிரண்டு வருஷம் இருந்துச்சு" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த நாய்கள் கட்டி வைக்கப்படாதவை. கறிக்கடை வாசல், வயல் எலி, பக்கத்து வீட்டு மீன் தலை என்று ஊர் முழுக்கச் சாப்பிட்டன, நம் சோறு அதில் ஒரு பங்கு மட்டுமே. மூன்றாம் மாடி ஃபிளாட்டில் இருக்கிற நாய்க்கு நாம் வைக்கிற தட்டை விட்டால் வேறு வழி கிடையாது. இளம் வயதில் செத்த நாய்களை யாரும் இரத்தப் பரிசோதனை செய்து பார்த்ததும் இல்லை.

தாளிக்காத தயிர் சோறு போடலாமா என்று சைவ வீடுகளில் கேட்பார்கள். நாய்க்கு எப்போதாவது ஒரு வேளை, வயிறு சரியில்லாத நாளில், சரி. அதையே மூன்று வேளையும் போட்டால் புரதம் போதாது. முட்டைக்கு வீட்டில் அனுமதி உண்டென்றால் பாதிப் பிரச்சினை தீரும்.

தனிச் சமையல்

நாய் வளர்ப்பவர்கள் பலருக்கும் பழகிய முறைதான். கறிக்கடையில் கோழிக் கழுத்து, ஈரல், துண்டுக் கறி வாங்கி, நொய்யரிசியோடு கேரட், பூசணி நறுக்கிப் போட்டு, உப்பில்லாமல் குக்கரில் நான்கைந்து விசில் விடுவது. கழுத்து எலும்பை வெந்தபின் விரலால் தடவித் தடவி எடுத்துவிட வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பல் பட்டால் எலும்பில்லாத கறியே வாங்கிவிடலாம். தனிப் பாத்திரம் ஏற்றக்கூட நேரமில்லாத நாளில், வீட்டுக்கு வேகவைக்கும் காய், முட்டையிலிருந்து உப்பும் தாளிப்பும் சேரும் முன்பே ஒரு கரண்டி எடுத்து வைத்துவிடலாம். அடுப்பு ஒன்று, பங்கு வேறு. வீட்டுச் சாப்பாட்டை நாயோடு பகிர எனக்குத் தெரிந்த சரியான வழி இதுதான்.

ஆசையாகச் சமைத்துவிட்டாலே சத்து முழுமையாகிவிடாது. கலிபோர்னியாவின் டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளியில் 2013ல் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்தார்கள். அவற்றில் 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு முக்கியச் சத்தாவது குறைந்தது. நம் கோழிச் சோற்றில் முதலில் குறைவது கால்சியம். கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. இப்படியே போட்டால் வளரும் குட்டியின் எலும்பு வளைந்துவிடும். முட்டை ஓட்டைக் கொதிக்கவைத்து, காயவைத்து, மிக்சியில் மாவாக அரைத்துச் சேர்க்கலாம். வளர்ந்த 20 கிலோ நாய்க்கு நாளைக்கு அரை டீஸ்பூன் சுமாராகப் போதும். குட்டிக்கும் சினை நாய்க்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது, டாக்டரைக் கேட்டே போட வேண்டும். பச்சைக் கறி போடுவது இப்போது ஒரு நாகரிகமாக வந்திருக்கிறது. சால்மோனெல்லா கிருமி நாயை விட்டாலும் வீட்டுக் குழந்தையை விடாது, அதனால் வேகவைத்தே போடுங்கள்.

பூனைக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன். பூனைக்கு டாரின் என்ற சத்தை உடம்பில் போதிய அளவு செய்துகொள்ளத் தெரியாது, இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெடும், இதயம் வீங்கும். இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு 1987ல் வெளியானபின்தான் தீனி நிறுவனங்களே டாரின் அளவை உயர்த்தின. பால் சோறு தின்னும் பூனைக்கு இது போதிய அளவு கிடைக்க வழியே இல்லை. போதாக்குறைக்கு வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதும் இல்லை. மீன் கழுவும்போது காலைச் சுற்றி வருகிற பூனைக்கு ஒரு துண்டு போடலாம், வேகவைத்துப் போடுங்கள். சில மீன்களின் பச்சைச் சதை தயாமின் (வைட்டமின் பி1) சத்தை அழித்துவிடும், வேகவைத்தால் அந்தக் குணம் போய்விடும். கருவாடு உப்புக்காகவே வேண்டாம்.

பாக்கெட் தீனி

இதில் சத்துக் கணக்கை வேறு யாரோ போட்டு வைத்திருக்கிறார்கள் என்பதே பெரிய வசதி. பையில் முழுமையான, சமச்சீர் உணவு என்று, எந்த வயதுக்கு என்பதோடு அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாதது வெறும் நொறுக்குத் தீனி. நொறுக்குத் தீனியும் நம் கையால் ஊட்டுவதும் எல்லாம் சேர்ந்து நாளின் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

குறைகள் உண்டு. விலை அதிகம். உலர் தீனியில் ஈரம் 10 சதவீத அளவுதான், பூனையோ இயல்பாகவே தண்ணீர் குறைவாகக் குடிக்கும். ஆண் பூனைக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுகிற வீடுகளில், முக்கால் பங்குக்கு மேல் ஈரமுள்ள பவுச் உணவையும் சேர்க்கச் சொல்வார்கள். சாக்கைத் திறந்து வைத்துக் கிலோ கணக்கில் அளந்து விற்கும் தீனியை வாங்காதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதிலுள்ள கொழுப்பு சீக்கிரம் சிக்கெடுத்துவிடும். சின்னப் பையாக வாங்கி, பையோடு டப்பாவில் இறக்கி மூடி வைக்கலாம். எறும்புக்கு, தட்டைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வைக்கிற பழைய உபாயம் போதும்.

அடுக்களைக்குள் விடுவதா, கதவை அடைப்பதா

உள்ளே விடாதே என்கிற பெரியவர்கள் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. பூனை மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்க வாய்ப்புண்டு, கர்ப்பிணிகளுக்கு அது ஆபத்து. ஆனால் அது தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும். அதனால் பூனை மலம் கழிக்கும் மண் தட்டைத் தினமும் சுத்தம் செய்தால் பெரும்பகுதி பயம் போய்விடும். கர்ப்பிணி அந்த வேலையைச் செய்ய வேண்டாம், தட்டும் அடுக்களையில் வேண்டாம். இதோடு தவறாமல் பூச்சி மருந்தும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டிருந்தால், தரையில் படுத்துச் சமையலை வேடிக்கை பார்க்கும் நாயால் யாருக்கும் கேடில்லை.

மேடை விஷயத்தில் மட்டும் நான் முழுக்கப் பாட்டி கட்சி. மண் தட்டைக் கிளறிய பாதம் தேங்காய் துருவுகிற இடத்தில் படக் கூடாது. அதைவிட அவசரமான காரணம் அடுப்பு. 2019 ஜனவரி முதல் 2021 நவம்பர் வரை தென்கொரியாவின் சியோலில் பூனைகள் தொடு பொத்தான் உள்ள மின் அடுப்பை மிதித்து மூட்டிய தீ விபத்துகள் 107 என்று அந்த நகரத் தீயணைப்புத் துறை அறிவித்தது. நம் வீடுகளிலும் இண்டக்‌ஷன் அடுப்பு பெருகிவிட்டது. பூட்டும் பொத்தானைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கேஸ் அடுப்பென்றால் சிலிண்டர் வால்வை இரவில் மூடுங்கள்.

தாளிக்கும் நேரத்தில் காலடியில் நாய் இருக்க வேண்டாம். கொதிக்கிற பாத்திரத்தோடு திரும்புகிறவர் தடுக்கி விழுந்தால் இருவருக்கும் காயம். குழந்தைகளுக்குப் போடுகிற மடக்குக் கதவை வாசலில் வைத்தால் அது அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருக்கும், குரைக்கவும் குரைக்காது.

தட்டு தனி, தேய்க்கும் நாரும் தனி. 2011ல் என்எஸ்எஃப் என்ற சுகாதாரத் தர அமைப்பு அமெரிக்க வீடுகளில் கிருமி மிகுந்த இடங்களைத் தேடியபோது முதலிடம் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சுக்கு, நான்காவது இடம் செல்லப்பிராணியின் தட்டுக்கு. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். தட்டு எவர்சில்வராக இருக்கட்டும், பிளாஸ்டிக்கில் விழும் கீறல்களில் பிசுக்கு தங்கிவிடும். ஒவ்வொரு வேளையும் கழுவுங்கள், தண்ணீர்க் கிண்ணத்தையும் சேர்த்து.