சந்தி ஒன்று, சொந்தக்காரர் மூவர்

மருமகன் மொறட்டுவையில் பொறியியல் முடித்துவிட்டு வந்து நிற்கிறான். போக்குவரத்துப் பக்கம்தான் போக வேண்டுமாம். மாநகர சபையா, வீதி அபிவிருத்தி அதிகார சபையா, வளைகுடாவா என்று கேட்கிறான். மூன்றிலும் கால் வைத்தவன் என்பதால் என்னிடம் வந்தான். மூன்றில் இரண்டில் நான் நிலைக்கவில்லை என்பதை அவன் பெரிதாக எடுக்கவில்லை போலும்.

சம்பளத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் எந்த வீதி யாருடையது என்று பார் என்றேன். இலங்கையில் ஏ, பி தர வீதிகள் அதிகார சபைக்கு உரியவை. சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கு. மிச்சமிருக்கும் ஒழுங்கைகளும் உள்வீதிகளும் மாநகர, நகர, பிரதேச சபைகளுக்கு. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் இந்தப் பங்கீடு ஒரு வேடிக்கையைச் செய்கிறது. கொழும்பில் புறப்படும் ஏ4 வீதி பொத்துவிலுக்கு வந்து வடக்கே திரும்பி, அக்கரைப்பற்று, கல்முனை, களுவாஞ்சிகுடி, காத்தான்குடி, கல்லடி என்று ஊர்களை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு மட்டக்களப்பில் முடிகிறது. பல ஊர்களுக்கு அதுதான் கடைத்தெரு, அதுதான் பாடசாலை வீதி. வியாபாரம் ஊருடையது, தார் மட்டும் தேசத்துடையது. ஆகவே மாநகர சபைப் பொறியியலாளரிடம் வரும் முறைப்பாடுகளில் பெரியவை பெரும்பாலும் அவருக்குச் சொந்தமில்லாத வீதியைப் பற்றியே இருக்கும்.

முதலில் அதிகார சபை. படிப்பு முடிந்ததும் ஒரு திட்டத்தில் ஒப்பந்த அடிப்படையில் சேர்ந்தேன். கையேடு இருக்கிறது, தரநிலை இருக்கிறது, ஒரு பாலத்தையே கட்டி முடிக்கும் வலு இருக்கிறது. கல்லடிப் பழைய பாலம் 1924ஆம் ஆண்டுக்காரன். ஒரு பக்க வாகனங்கள் நின்று மறுபக்கத்துக்கு வழிவிட வேண்டும். 2013இல் பக்கத்தில் புதிய பாலம் திறக்கப்பட்டதும் அந்தக் காத்திருப்பு ஒழிந்தது. இப்படி ஒன்றை எந்த மாநகர சபையும் தன் வருமானத்தில் கனவுகூடக் காண முடியாது. ஆனால் மாவட்ட அலுவலகத்தில் சேரும் இளம் பொறியியலாளருக்குக் கிடைப்பது பெரும்பாலும் தார், கல், மதகு, குழி நிரப்புதல். சந்தி வடிவமைப்பு போன்றவை பத்தரமுல்லைத் தலைமையகத்தின் பக்கம் போய்விடும். போக்குவரத்தைப் படித்தவன் வீதியைப் பராமரித்துக்கொண்டிருப்பான். அதுவும் நல்ல வேலைதான், ஆனால் இவன் கேட்ட வேலை அதுவல்ல. இடமாற்றத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு காபட் வீதி போட்டு முடிந்து, அதில் வாகனங்கள் எவ்வளவு வேகத்தில் ஓடுகின்றன என்று பார்க்கும் முன்பே நீ வேறு மாவட்டத்தில் இருக்கலாம்.

வளைகுடாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நான் தோகாவில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் இருந்தேன். பழைய சுற்றுவட்டங்களை உடைத்துச் சமிக்ஞை விளக்குச் சந்திகளாக மாற்றிக்கொண்டிருந்த காலம். தொழில்நுட்பம் என்று பார்த்தால் மூன்றிலும் சிறந்த பள்ளிக்கூடம் அதுதான். ஒரு பச்சை விளக்கில் ஒரு தடத்தால் எத்தனை வாகனம் கடக்கும், எங்கே வரிசை பின்வாங்கி அடுத்த சந்தியை அடைக்கும் என்பதெல்லாம் அங்கே கணினியில் விரல் நுனிக்கு வந்தது. எண்ணிக்கையை வேறொரு நிறுவனம் காணொளியில் எடுத்து, அட்டவணையாக மேசைக்கு அனுப்பிவிடும். அந்தச் சந்திகளில் பாதியை நான் நேரில் பார்த்ததில்லை. சம்பளம் இங்குள்ளதைப் போலப் பல மடங்கு. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும்.

மாநகர சபைக்கு வருவோம். இதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

நான் சேர்ந்தது கிழக்கின் ஒரு சபை. போக்குவரத்துப் பொறியியலாளர் என்று தனிக் கதிரை இல்லை. வடிகான், கட்டட அனுமதி, தெருவிளக்கு, சந்தைக் கூரை எல்லாவற்றுக்கும் நடுவே நேரம் கிடைத்தால் போக்குவரத்து. மழை தொடங்கிவிட்டால் அதுவும் இல்லை. மார்கழியில் வடிகான் பொறியியலாளர் மட்டும்தான்.

சேர்ந்த மாதமே ஏ தர வீதியோரப் பாடசாலை ஒன்றின் பெற்றோர் மஞ்சள் கடவை கேட்டு வந்தார்கள். "சேர், பிள்ளைகள் ஓடிக் கடக்கிறார்கள், உயிர் போன பிறகா கோடு போடுவீர்கள்?" என்றார் ஒரு தாய். நான் உடனே ஒரு கடிதம் எழுதினேன். மக்கள் கோருகிறார்கள், ஆவன செய்யவும் என்ற பாணியில். கடிதம் திரும்பி வந்தது. எத்தனை பிள்ளைகள், எந்த நேரம், எத்தனை வாகனங்கள், என்ன வேகம்? கேட்டவர்களில் பிழை இல்லை. நான்கு வருடம் எண்ணிக்கை மேசைக்கு வந்து பழகியவன், எண்ணாமல் எழுதிவிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு எதிரிலிருந்த தேநீர்க் கடை வாங்கில் உட்கார்ந்தேன். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம், நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கும் பழைய முறை. கார், பஸ், லொறி, முச்சக்கரவண்டி, மோட்டார் சைக்கிள், துவிச்சக்கரவண்டி என்று பத்திகள். பத்தாவது நிமிடத்தில் நெல் மூட்டையோடு ஒரு லாண்ட்மாஸ்டர், அதாவது இரு சக்கர உழவு இயந்திரம், வந்தது. அதற்குப் பத்தி இல்லை. அதன் பின்னால் பதினொரு மோட்டார் சைக்கிள்கள் முந்த வழி பார்த்துக்கொண்டு வந்தன. தோகாவின் மென்பொருளில் வாகனங்கள் தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். இங்கே மோட்டார் சைக்கிள்கள் தண்ணீரைப் போல இடுக்குகளில் வழிந்து முன்னுக்கு வந்துவிடும். கையால் கோடு கிழித்து லாண்ட்மாஸ்டருக்கு ஒரு பத்தி சேர்த்தேன்.

எல்லோரும் காலைதான் ஆபத்து என்றார்கள். தாள் வேறு சொன்னது. காலையில் பிள்ளைகள் முக்கால் மணி நேரத்துக்குள் சிறிது சிறிதாக வருகிறார்கள்; பலர் தகப்பனின் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலிலேயே இறங்குகிறார்கள். ஒன்றரை மணிக்கு மணி அடித்ததும் எல்லோரும் ஒரேயடியாக, அதுவும் தனியாக வெளியே வருகிறார்கள். அதே நேரம் பஸ் வாசலுக்கு நேரே நிற்கும். பஸ்ஸுக்கு முன்னால் கடக்கும் பிள்ளையை அதை முந்தி வருபவன் காண மாட்டான். ஆக, கடவைக் கோட்டைவிட அவசரமானது பஸ் தரிப்பிடத்தைக் கடவைக்கு அப்பால் தள்ளுவது. அப்போது பிள்ளைகள் பஸ்ஸின் பின்பக்கமாகக் கடப்பார்கள். இரண்டாவது கடிதத்தில் தாளையும் வரைபடத்தையும் இணைத்தேன். பொலிஸாரும் வந்து பார்த்தார்கள். தரிப்பிடம் நகர்ந்தது, கடவையும் வந்தது. அந்தத் தாய் பிறகு வேகத்தடை கேட்டு வந்தார் என்பது வேறு கதை.

வேகத்தடை உள்வீதிகளின் நிரந்தரக் காய்ச்சல். அங்கே அதிகாரம் சபையின் கையில் இருப்பதால் தப்பவும் முடியாது. பிரித்தானிய ஆய்வுகூடம் ஒன்று 1970களில் உருவாக்கிய வடிவம் 3.7 மீற்றர் நீளம், 100 மில்லிமீற்றர் உயரம். ஏறி இறங்குவது தெரியும், முதுகு உடையாது. நம் ஊர் மேசன்மார் போடுவது ஒரு சாண் அகலத்தில் பன்றி முதுகு. கர்ப்பிணிப் பெண்ணும் அம்புலன்ஸும் அதைத் தாண்டித்தான் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஓர் உறுப்பினரோடு இதற்காக ஒரு மாதம் பேசாமல் இருந்தேன். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே தேர்தல் வரை உறுப்பினர்களே இருக்கவில்லை. கோப்புகள் வேகமாக நகர்ந்தன. ஆனால் எந்த ஒழுங்கையில் எந்த வளைவு ஆபத்து என்று வந்து சொல்ல ஆள் இல்லாமல் போனது. சண்டை பிடித்த அதே மனிதரைத் தேடிப் போய்க் கேட்க வேண்டியிருந்தது.

சலுகைகள் விடயத்தில் ஒன்று மட்டும் கவனிக்கத்தக்கது. சபைப் பதவிக்கு ஓய்வூதியம், அதிகார சபைக்கு ஊழியர் சேமலாப நிதி. 2022 நெருக்கடியின்போது வந்த சுற்றறிக்கை, அரச ஊழியர்கள் ஐந்து ஆண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போய் வேலை செய்ய இடம் கொடுத்தது. என் கூட்டாளிகள் பலர் அப்படித்தான் போனார்கள்.

என்னைக் கேட்டால் சபை முதலில், வளைகுடா பிறகு. நான் தலைகீழாகச் செய்தேன். மென்பொருளை முதலில் பழகியவன் லாண்ட்மாஸ்டரைக் காண ஒரு கடிதம் திரும்பி வர வேண்டியிருந்தது. அதிகார சபை உனக்குப் பாலத்தில் ஆசை இருந்தால் மட்டும்.

மருமகன் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. "மாமா, தோகாச் சம்பளத்தில் முதலில் வீட்டுக் கடனை அடைக்கிறேனே" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அக்காவின் வீட்டுக் கடன் எனக்கும் தெரியும். விண்ணப்பம் போகும் வரை சும்மா இருக்காதே என்று எண்ணும் தாள் நான்கைக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை ஒன்றரை மணிக்கு அதே தேநீர்க் கடைக்கு வருவதாகச் சொன்னான்.