மனுவுருவாதலும் பிறப்புநிலைப் பாவமும்: ஓர் ஒலிப்பாடத் தொடரின் மதிப்புரை

இடைக்காலக் கத்தோலிக்க இறையியலைக் கற்பிக்கும் இந்தப் பன்னிரண்டு உரைகளையும் இரண்டு முறை கேட்ட பிறகே இதை எழுதுகிறேன். பிறப்புநிலைப் பாவம் (ஆதாமின் வீழ்ச்சியால் மனிதர் எல்லாரும் பிறக்கும்போதே கொண்டிருக்கும் பாவநிலை) என்றால் என்ன, கடவுள் ஏன் மனிதரானார் (மனுவுருவாதல்) என்னும் இரு கேள்விகளையும் தனித்தனியே நடத்தாமல், முதல் கேள்விக்கு நாம் தரும் விடை இரண்டாவதையும் எவ்வளவு தூரம் தீர்மானித்துவிடுகிறது என்று காட்டியிருப்பதே இத்தொடரின் பெரும் சிறப்பு.

கான்டர்பரி பேராயர் ஆன்செல்ம் 1098இல் எழுதி முடித்த 'கடவுள் ஏன் மனிதரானார்' என்ற நூலுக்கு மூன்று உரைகள் தரப்பட்டுள்ளன, அது தகும். பாவம் என்பது கடவுளுக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தாமை. அந்தக் கடனைத் தீர்க்கக் கடமைப்பட்டவர் மனிதர், தீர்க்க வல்லவரோ கடவுள் மட்டுமே. ஆகவே கடவுளும் மனிதருமான ஒருவரே பரிகாரம் செய்ய இயலும் என்ற வாதத்தை, உரையாடலாக அமைந்த அந்நூலில் மாணவர் போசோ எழுப்பும் தடைகளில் ஒன்றையும் விட்டுவிடாமல் தொடரின் ஆசிரியர் விளக்குகிறார். மனிதர்மேல் அலகைக்கு (சாத்தானுக்கு) உரிமை உண்டு என்ற பழைய கருத்தை ஆன்செல்ம் மறுக்கும் இடத்தை நான் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.

பன்னிரண்டாம் நூற்றாண்டு இறையியலாளர் பீட்டர் லொம்பார்டைத் தொடர் விரைவாகக் கடந்துபோகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தோமா அக்குவினாவோ, ஆன்செல்மையும் பண்டைய திருச்சபைத் தந்தை அகுஸ்தினையும் இணைத்து, தொடக்க நீதியின் (வீழ்ச்சிக்கு முன் ஆதாமுக்கு இருந்த நேர்மை நிலையின்) இழப்பைப் பிறப்புநிலைப் பாவத்தின் வடிவக்கூறாகவும் (அதை இன்னதென்று ஆக்கும் கூறாகவும்), ஒழுங்கு குலைந்த இச்சையை அதன் பொருட்கூறாகவும் (அந்த வடிவத்தை ஏற்கும் கூறாகவும்) வகுத்தார். இவ்வளவு நுட்பமான வேறுபாட்டை இத்தனை தெளிவாக வேறெங்கும் நான் கேட்டதில்லை.

ஆனால் பிரான்சிஸ்கன் இறையியலாளர் டன்ஸ் ஸ்கோட்டஸுக்குப் பாதி உரைதான். மனுவுருவாதல் பாவத்தால் நேர்ந்ததன்று, ஆதாம் வீழ்ந்திராவிட்டாலும் கிறிஸ்து மனிதராக வர முன்குறிக்கப்பட்டவரே என்றவர் அவர்; பாவத்தில் விழாமல் முன்கூட்டியே காப்பதுதான் நிறைவான மீட்பு என்ற அவருடைய வாதம், 1854இல் மரியாவின் அமல உற்பவம் (மரியா கருவான நொடி முதலே பிறப்புநிலைப் பாவமின்றி இருந்தார் என்பது) விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்படுவதற்குப் பெரிதும் துணைநின்றது. இத்தகையவரைப் பின்னிணைப்பாக வைத்தது பெருங்குறை.

அதைவிட என்னை வருத்தியது ஏழாம் உரை. பாவம் இல்லையேல் மனுவுருவாதலும் இல்லை என்று தோமா முடிவாகச் சொன்னதாக அங்கே கூறப்படுகிறது. உண்மையில், மறைநூல் எங்கும் பாவத்தையே காரணமாகச் சொல்வதால் அவ்வாறு கருதுவது அதிகப் பொருத்தம் என்றுதான் அவர் எழுதினார். கடவுளின் வல்லமை அதனால் வரம்புபடாது, பாவமின்றியும் அவர் மனிதராகியிருக்க முடியும் என்பதையும் சேர்த்தே எழுதினார். இந்த உரையைக் கேட்பவர்கள் தோமாவின் 'இறையியல் தொகுப்பு' நூலின் மூன்றாம் பகுதி, முதல் வினா, மூன்றாம் பிரிவை அருகில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.