டீப் ஃப்ரீசர் அலாரம்: மூன்று வருடம் வைத்துப் பார்த்ததில்

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே 200 லிட்டர் டீப் ஃப்ரீசர் ஒன்று இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கு முந்தைய வாரமே காசிமேட்டுக்குப் போய் வஞ்சிரம், சங்கரா, இறால் என்று வாங்கி வந்து, கழுவி, அரை அரை கிலோவாகக் கட்டி அடுக்கிவிடுவோம். மீன் இல்லாமல் சோறு இறங்காத குடும்பம்.

2022 மே மாதம் ஒரு கல்யாணத்துக்காக மதுரை போய் நான்கு நாள் கழித்துத் திரும்பினோம். ஃப்ரீசர் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே எல்லாம் கல் மாதிரி இருந்தது. இறால் பாக்கெட்டைத் தூக்கியபோதுதான் உறைத்தது. உதிரி உதிரியாக வைத்த இறால், ஒரு மூலையில் வடிந்துபோய் ஒரே கட்டியாக இறுகியிருந்தது. நடுவில் உருகி, மறுபடி உறைந்திருக்கிறது. எத்தனை மணி நேரம் உருகிக் கிடந்ததோ! மொத்தத்தையும் தூக்கிப் போட்டோம்.

இதற்குக் காசில்லாத வழி ஒன்று உண்டு. டம்ளரில் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட வேண்டும். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால் கதை முடிந்தது என்று அர்த்தம். ஆனால் அது நடந்து முடிந்ததைத்தான் சொல்லும். எனக்கு நடக்கும்போதே தெரிய வேண்டியிருந்தது.

அதற்காகத்தான் ஃப்ரீசரில் சூடு ஏறினால் போனுக்குத் தகவல் அனுப்பும் சென்சார் அலாரம். முதலில் வாங்கியது பேட்டரியோடு உள்ளேயே வைக்கும் மாடல். அதை வாங்காதீர்கள். தகரப் பெட்டிக்குள்ளிருந்து சிக்னல் வெளியே வரத் திணறியது. சாதா அல்கலைன் பேட்டரி மைனஸ் 18 டிகிரி குளிரில் மூன்றே வாரத்தில் படுத்துவிட்டது. அடுத்து வாங்கியதில் வைஃபை பெட்டி வெளியே இருக்கும், ஒயர் முனையில் சூட்டை அளக்கும் புரோப் மட்டும் உள்ளே போகும். ஒயர் தட்டையாக இருப்பதால் மூடி ரப்பருக்கு அடியில் அடங்கிவிடுகிறது.

முதல் மாதம் தூக்கமே போயிற்று. மூடியைத் திறந்தால் அலாரம், புதிதாக ஆறு கிலோ மீன் வைத்தால் ராத்திரி முழுக்க அலாரம். மெடிக்கல் ஷாப்பில் கிளிசரின் வாங்கி, சின்ன மருந்து பாட்டிலில் ஊற்றி, புரோபை அதில் இறக்கினேன். தடுப்பூசி வைக்கும் பெட்டிகளில் செய்வதுதான். காற்றின் சூடு ஏறி இறங்குவதை விட்டுவிட்டு, பொருளின் சூட்டை ஒட்டிக் காட்டும். மைனஸ் 10-ஐத் தாண்டி அரை மணி நேரம் நின்றால் மட்டும் கத்து என்று ஆப்பில் வைத்த பிறகு தொல்லை நின்றது.

அப்புறம்தான் பெரிய ஓட்டை தெரிந்தது. கரண்ட் போனால் ரௌட்டரும் போகும். அலாரம் தேவைப்படும் நேரத்தில்தான் அலாரத்துக்கு வாய் அடைத்துவிடும்! ரௌட்டரை இன்வெர்ட்டரில் மாட்டினேன். தெருமுனையில் இருக்கும், எங்களுக்கு இன்டர்நெட் தரும் கேபிள்காரர் பெட்டி இரண்டு மணி நேரத்தில் அணைந்தால் அதுவும் வீண். கடைசியில் உதவியது, 'சென்சார் தொடர்பில் இல்லை' என்ற அறிவிப்புதான். அதை ஆப்பில் தேடிப்பிடித்துப் போட்டுவிட்டேன். இப்போது சத்தமில்லாமல் போனாலும் எனக்குத் தகவல்தான்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இதுவும் எடுபடவில்லை. கரண்ட் இல்லை, போனில் டவரும் இல்லை. மூடியைத் திறக்கவே கூடாது என்று எல்லோரையும் மிரட்டி வைத்தேன். நிரம்பிய ஃப்ரீசர் மூடியபடியே இருந்தால் 48 மணி நேரம் தாங்கும், பாதி காலி என்றால் 24 மணி நேரம்தான். அதனால் காலி இடத்தில் எப்போதும் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து அடைத்திருப்பேன். 38 மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. சென்சார் தன் பேட்டரியில் எல்லாவற்றையும் பதிந்து வைத்திருந்தது. முதல் நாள் மளமளவென ஏறிய சூடு, மைனஸ் 5-ஐ நெருங்கியதும் நகரவே மனமில்லாமல் நின்றிருக்கிறது. மீனில் உள்ள தண்ணீர் உருகத் தொடங்கும் இடம் அது, வருகிற சூட்டையெல்லாம் அந்தப் பனிக்கட்டியே விழுங்கிவிடும். அதிகபட்சம் மைனஸ் 3. அந்த வரைபடம் இல்லையென்றால் பயத்தில் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன்.

உண்மையாகவே காப்பாற்றியது 2024 மார்ச்சில். நாங்கள் திருச்சியில், போன் கத்துகிறது. எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருந்தோம். "அக்கா, கொஞ்சம் ஃப்ரீசரைப் பார்க்க முடியுமா?" என்றேன். "ஒரு கவர் மூடியில சிக்கிக்கிட்டு இருக்கு தம்பி, தள்ளி மூடிட்டேன்" என்றார். அவருக்கு ஒரு கிலோ வஞ்சிரம் போனது. பக்கத்தில் ஓடிப்போய்ப் பார்க்க ஆளில்லை என்றால் இந்தக் கருவிக்குச் செலவழிக்காதீர்கள்.

மாதம் ஒரு முறை புரோபை வெளியே எடுத்து அரை மணி நேரம் வைத்து, போன் கத்துகிறதா என்று பார்ப்பேன். போன மாதம் கத்தவில்லை. போன் அப்டேட் ஆனபோது பேட்டரி சேமிப்பு அந்த ஆப்பைத் தூங்கவைத்திருந்தது. செட்டிங்ஸில் அதை விலக்கிவிட்டு மறுபடி புரோபை வெளியே எடுத்து வைத்தேன், கத்தியது.