இருபது ஏக்கர் ஏரிக்கு எத்தனை மீட்டர் இடைவெளி?

இருபது ஏக்கரில் ஓர் ஏரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஹெக்டேரில் சொன்னால் சுமார் எட்டு. ஒரு பக்கம் கரை, கரையின் கோடியில் உபரிநீர் வழியும் கலங்கல், எதிர்ப்பக்கம் மெல்ல மேடேறும் உள்வாய். அதன் ஓரத்து மனையில் வீடு கட்டுவதென்றால் எத்தனை மீட்டர் தள்ளிக் கட்ட வேண்டும்? ஹைதராபாத்தில் 9. சென்னையில் 15, அதுவும் அதிகாரி வலியுறுத்தினால். பெங்களூரில் எந்த ஆண்டைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து 30, பிறகு 75, மறுபடியும் 30. அடுத்து 12 ஆகலாம்.

எண்களை மட்டும் பார்த்தால் வீடு கட்டுபவருக்கு ஹைதராபாத்தான் மிகவும் தாராளம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மீட்டரை எந்தக் கோட்டில் ஊன்றி அளக்கத் தொடங்குகிறார்கள் என்று பார்த்தால் வரிசை மாறிவிடுகிறது.

பெங்களூரின் கதையே இதற்கு நல்ல சான்று. அந்நகரின் 2015 பெருந்திட்டம் ஏரிக்கு 30 மீட்டர் ஒதுக்கியது. ராஜகாலுவே எனப்படும் மழைநீர்க் கால்வாய்களுக்கு அளவைப் பொறுத்து 50, 25, 15 மீட்டர். இவை கால்வாயின் நடுக்கோட்டிலிருந்து. 2016 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஏரிக்கு 75 என்றும், கால்வாய்களுக்கு 50, 35, 25 என்றும் உயர்த்தியது. பெரிய கால்வாய்க்கு முன்பும் 50, பின்பும் 50. ஆனால் தீர்ப்பாயம் விளிம்பிலிருந்து அளக்கச் சொன்னது. கால்வாய் 20 மீட்டர் அகலம் என்றால், எண் மாறாமலேயே இரு கரையிலும் பத்துப் பத்து மீட்டர் கூடிவிட்டது. கட்டுநர்கள் பதறியதில் வியப்பில்லை. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. சட்டப்படி வகுத்த பெருந்திட்டத்தைத் தீர்ப்பாயம் இப்படித் திருத்த முடியாது என்பது காரணம்.

2025 ஆகஸ்டில் கர்நாடகச் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்த மசோதா வேறு வழியில் போகிறது. ஏரியின் பரப்புக்கேற்ற படிநிலை: நூறு ஏக்கருக்கு மேலிருந்தால் 30 மீட்டர், 25 முதல் 100 ஏக்கர் வரை 24, நம்முடைய இருபது ஏக்கர் ஏரிக்கு 12, ஒன்று முதல் பத்து ஏக்கர் வரை 6, அதற்கும் கீழே இறங்கினால் இன்னும் குறைவு. குட்டைக்கும் பெரிய ஏரிக்கும் ஒரே அளவுகோலா என்ற கேள்வி கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தொடர் ஏரிகளில் மேலே இருப்பவைதாம் பெரும்பாலும் சிறியவை. மழையை முதலில் வாங்கித் தேக்கி, கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு நிதானமாக அனுப்புபவை அவை. மேலே உள்ளவை சுருங்கினால் கீழே உள்ள பெரிய ஏரிக்குத் தண்ணீர் ஒரே மூச்சில் வந்து சேரும். நூறு ஏக்கர் ஏரியை விழுங்குவது கடினம். ஐந்து ஏக்கர் ஏரிக்கு நாலைந்து லாரி கட்டட இடிபாட்டில் வேலை தொடங்கிவிடும். காவல் தேவைப்படுவதற்கே இந்த மசோதா காவலைக் குறைக்கிறது.

இதே குறை ஹைதராபாத்திலும் உண்டு, அதை மறைக்கப்போவதில்லை. 2012ஆம் ஆண்டின் அரசாணை 168, பத்து ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரிகளுக்கு 30 மீட்டரும் அதற்குக் குறைந்தவற்றுக்கு 9 மீட்டரும் விதிக்கிறது. ஆனால் அந்த 9 மீட்டர் ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டத்திலிருந்து தொடங்குகிறது. கலங்கல் வழியப்போகும் தறுவாயில் தண்ணீர் எங்கே நிற்குமோ, அந்தக் கோடு. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது அதற்குத் தேவையில்லை. கோட்டுக்குள் பட்டா நிலம் இருந்தால் தண்ணீர் வற்றியபின் பயிர் செய்யலாம், கட்டடம் கூடாது. இடைவெளி நிலத்தைத் திறந்தவெளி ஒதுக்கீட்டில் கணக்குக் காட்டிக்கொள்ளலாம் என்றும் அரசாணை சொல்கிறது. கட்டடத்தைச் சுற்றி விடவேண்டிய இடத்தில் அது சேராது. உரிமையாளரை முற்றிலும் வெறுங்கையோடு அனுப்பாத ஏற்பாடு.

சிக்கல் இல்லாமல் இல்லை. பல ஏரிகளுக்கு இந்தக் கோட்டை உறுதிசெய்யும் இறுதி அறிவிக்கை வெளிவருவதற்குள் கட்டடம் எழும்பிவிட்டது. உள்வாயில் மண்ணைக் கொட்டி மேடாக்கினால் மட்டக் கோடே நகர்ந்துவிடும் என்பதால் பழைய வரைபடங்களைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. 2024 ஜூலையில் ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற ஹைட்ரா என்ற அரசு அமைப்பு வந்தபிறகு இடிப்புகள் தலைப்புச் செய்தியாயின. ஆகஸ்டில் மாதாப்பூரின் தம்மிடிகுண்டா ஏரியோரத்தில் பெரிய கூட்ட அரங்கொன்று தரைமட்டமானது. அனுமதி கேட்கும் நாளில் நடக்க வேண்டிய சண்டை புல்டோசர் முன்னால் நடந்தது. இதே ஊர்தான் 1996இல் அரசாணை 111 மூலம் உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் நீர்த்தேக்கங்களைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்கு, 84 கிராமங்களில், கட்டுமானத்தை இறுக்கிப் பிடித்தது. 2022 ஏப்ரலில் அந்தப் பிடியைத் தளர்த்தியதும் இதே ஊர்தான்.

சென்னைக்கு வருவோம். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் உள்ளது, நீர்நிலையின் எல்லையிலிருந்து 15 மீட்டருக்குள் அனுமதியை ‘மறுக்கலாம்’ என்ற தொனிதான். மறுக்காமல், தடுப்புச் சுவர் போன்ற ஏற்பாடுகளைச் செய்யச் சொல்லி அனுமதிக்கவும் வழி இருக்கிறது. ‘லாம்’ என்ற விகுதி இவ்வளவு சுமையைத் தாங்கும் இடம் தமிழ் இலக்கணத்தில் வேறெங்கும் இல்லை. எல்லை என்பதும் நடைமுறையில் வருவாய்த்துறைப் பதிவேட்டிலுள்ள புறம்போக்கு எல்லை. தண்ணீர் அ-பதிவேட்டைப் படிப்பதில்லை.

கரைப்பக்கத்தில் இது பெரிய குறையாகத் தெரியாது. உள்வாய்ப் பக்கம் போய்ப் பாருங்கள். தரை 200 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில் ஏறுவதாக வைத்துக்கொண்டால், 15 மீட்டர் விலகினால் கிடைக்கும் உயரம் ஏழரை சென்டிமீட்டர். கணுக்காலுக்குக்கூட வராது. 30 மீட்டருக்கு 15 சென்டிமீட்டர், 75 மீட்டருக்கு 37.5 சென்டிமீட்டர். புறம்போக்கு எல்லை நிறைநீர் மட்டத்துக்கு உள்ளேயே இருந்துவிட்டால் 15 மீட்டர் தள்ளிக் கட்டிய வீடும் ஏரிக்குள்தான் நிற்கும்.

ஆனால் சென்னையிடம் வேறொரு கருவி இருக்கிறது. 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் பெருந்திட்டம் செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதியையும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் தனி மண்டலங்களாகக் குறித்தது. பள்ளிக்கரணை 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ஆய்வு முடியும்வரை அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் திட்ட அனுமதி தரக்கூடாது என்றது. ஒரே நகரத்தில் ஒரு நீர்நிலைக்கு 15 மீட்டர், இன்னொன்றுக்கு 1,000. ஊடகக் கவனமும் வழக்கறிஞரும் வாய்க்கப்பெறாத ஏரிகள் முதல் வகையில் கிடக்கின்றன.

இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஹைதராபாத்தின் கோட்டை எடுத்துக்கொண்டு அதன்மேல் பெங்களூரின் பழைய 30 மீட்டரை ஊன்றுவேன், ஏரி சிறிதோ பெரிதோ. வரத்துக்கால்வாய்க்கு அளவு விளிம்பிலிருந்து. சட்டம் அந்த இடத்துக்கு வரும்வரை, ஏரியோர மனைக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஒரு நில அளவையாளரை அழைத்துப் போய்க் கலங்கல் உச்சிக்கும் மனையின் தரைக்கும் உள்ள உயர வித்தியாசத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கலங்கல் மேலே, மனை கீழே என்று வந்தால், அது உள்வாய் மனையாக இருக்கும் பட்சத்தில், அனுமதிக் கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்க வேண்டாம்.