அடுப்பு யார் கையில்? சிங்கப்பூரில் ஒரு வருட வேலைக்கு எங்கே தங்குவது

"கம்பெனியில ஒரு வருஷத்துக்கு சிங்கப்பூர் போகச் சொல்றாங்கண்ணே, எங்க தங்குறது?" என்று ஊரிலிருந்து மாதம் ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். மற்றவர்கள் வாடகையில் ஆரம்பிப்பார்கள். நான் கேட்கும் முதல் கேள்வி, "நீ சமைப்பியா?" என்பதுதான்.

என்னையும் ஒரு வருடம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். பத்தொன்பது மாதம் இழுத்துவிட்டது. அதற்குள் மூன்று இடம் மாறினேன்: கம்பெனி போட்டுக் கொடுத்த சர்வீஸ் அபார்ட்மென்ட், தெம்பனிஸில் ஒரு அறை, கடைசியாக ஃபேரர் பார்க் பக்கம் ஐந்து பேர் சேர்ந்து எடுத்த வீடு. நாலாவது வகையான காண்டோவை, அதாவது நீச்சல் குளம் போன்ற வசதிகளோடு கூடிய தனியார் அடுக்குமாடியை, நண்பன் வீட்டில் பார்த்ததோடு சரி.

சர்வீஸ் அபார்ட்மென்ட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காசு கம்பெனியுடையது, துண்டு மாற்றிவைக்க ஆள் வரும், மூன்று வாரம் சுகம். ஆனால் அங்கே இருப்பது இண்டக்‌ஷன் அடுப்பு. அம்மா பெட்டியில் திணித்து அனுப்பிய அலுமினிய இட்லிப் பானை அதில் சூடே ஏறவில்லை. சரி, வாணலி வாங்கி ரசம் தாளிப்போம் என்று காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டேன். புகை அலாரம் அலறியது, கீழேயிருந்து காவலர் வந்துவிட்டார். அன்றோடு அங்கே சமையல் முடிந்தது. வேறு வீடு தேட அவகாசம் தரும் இடம் என்ற அளவில் அது உருப்படியானது. இரண்டு வாரத்துக்கு யார் வீட்டிலாவது வாடகை கொடுத்துத் தங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. தனியார் வீட்டைக் குறைந்தது 3 மாதத்துக்கும், வீவக வீட்டைக் குறைந்தது 6 மாதத்துக்கும்தான் வாடகைக்கு விடலாம் என்பது சட்டம்.

வீவக என்றால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். சிங்கப்பூரர்களில் பெரும்பாலானோர் குடியிருப்பது அது கட்டிய அடுக்குமாடிகளில்தான். அங்கே ஓர் அறை எடுப்பதுதான் தனியாக வருபவர்கள் பலர் செய்வது. குளியலறையோடு சேர்ந்தது மாஸ்டர் ரூம், சேராதது காமன் ரூம். எனக்குக் கிடைத்த காமன் ரூமுக்கு 950 வெள்ளி. (இங்கே தமிழில் டாலர் என்று சொல்வதைவிட வெள்ளி என்று சொல்வதுதான் வழக்கம், ஒரு மாதத்தில் உங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும்.) உரிமையாளர் ஒரு சீன ஆன்ட்டி. விளம்பரத்தில் 'லைட் குக்கிங்' என்று போட்டிருந்தது. அதன் அர்த்தம் என்னவென்று முதல் ஞாயிறன்றுதான் புரிந்தது. வெங்காயம் நறுக்கி, எண்ணெய் காயவைத்து, கடுகைப் போட்டேன். அறைக்குள்ளிருந்து ஆன்ட்டி வந்து அடுப்பைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நூடுல்ஸ் ஓகே, முட்டை அவிக்கலாம், சோறு வைக்கலாம். பொரிக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது, மசாலா வாடை திரைச்சீலையில் ஏறக் கூடாது. ஏர்கான் ரிமோட்டின் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருந்தது: இரவு 9 முதல் காலை 7 வரை.

அவர்மேல் குறையில்லை. துணி காயப்போட்டிருக்கும்போது மழை வந்தால் என்னுடையதையும் சேர்த்து எடுத்துவைப்பார். கழிவறை எப்போதும் பளபளவென்றிருக்கும். வேலையும் பக்கம்: சாங்கி பிசினஸ் பார்க்குக்குப் போக டௌன்டவுன் வழித்தடத்தில் தெம்பனிஸிலிருந்து மூன்றாவது நிலையமே எக்ஸ்போ. காலையில் அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். ஆனால் அந்த ஆறு மாதமும் கோப்பிக் கடைச் சோறுதான். வெளிச்சாப்பாடு ஒரு நாளைக்கு 15 வெள்ளி என்று வைத்தாலும் மாதம் 450 ஆகிறது. 950 என்று நான் நினைத்திருந்த அறை உண்மையில் எனக்கு 1,400 வெள்ளி. அறை பார்க்கப் போகும்போது யாரும் இந்தக் கூட்டலைப் போடுவதில்லை, நானும் போடவில்லை. தமிழ்க் குடும்பத்தார் வீட்டில் அறை கிடைத்தால் சமையலறையில் கொஞ்சம் இளக்கம் இருக்கும் என்பார்கள். அதையும் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. சுத்த சைவ வீடாக இருந்தால் உங்கள் மீன் குழம்புக்கு வேறு இடம்தான் தேட வேண்டும்.

மூன்றாவது, ஆட்களோடு சேர்ந்து முழு வீடு. நான்கறை வீடு (வரவேற்பறையும் கணக்கில் உண்டு, படுக்கையறை மூன்றுதான்) 3,000 வெள்ளிக்கு மேலே போகும். ஐந்தாகப் பிரித்தால் தாங்கும். லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தை நடக்கிற தூரம். முருங்கைக்காய், வாழைப்பூ, உரித்த சின்ன வெங்காயம், வெட்டும்போதே "குழம்புக்கா, வறுவலுக்கா?" என்று தமிழில் கேட்கும் ஆட்டுக்கறிக் கடை. எங்கள் குளிர்பெட்டிக் கதவில் முறைப்பட்டியல் ஒட்டியிருந்தது; புதன்கிழமை சாம்பார் என் தலையில். சாப்பாட்டுச் செலவு பாதிக்குக் கீழே வந்தது. அலுவலகத்துக்கு லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து வண்டி மாறாமல் போய்விடலாம், ஆனால் வீட்டுக் கதவிலிருந்து மேசை வரை ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த வட்டாரத்தில் நடக்கவே இடமிருக்காது. தீவு முழுக்க உழைக்கிற நம் ஆட்களுக்கு அதுதான் விடுமுறை நாள், அதுதான் ஊர். எனக்கு அந்த நெரிசல் பிடித்திருந்தது. கூட இருந்த இருவருக்குப் பிடிக்கவில்லை.

இந்த வகையில் ஒரு பொறி உண்டு. ஒருவர் முழு வீட்டையும் எடுத்து, அறை அறையாக மற்றவர்களுக்கு விட்டு வசூலிப்பார். வீவக வீட்டில் வாடகைக்கு இருப்பவர் உள்வாடகைக்கு விட முடியாது. ஐந்து பேர் என்றால் ஐந்து பெயரும் உரிமையாளரோடு போட்ட ஒப்பந்தத்தில் இருக்கட்டும். உரிமையாளர் வீவகவிடம் அனுமதி வாங்கினாரா, உங்கள் பெயரைக் கொடுத்தாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஏஜென்ட் வந்தால் அவருடைய பதிவு எண்ணை வாங்கி, சொத்து முகவர்களுக்கான மன்றத்தின் (CEA) இணையப் பதிவேட்டில் பாருங்கள். வீவக வீட்டு வாடகைப் பணத்தையும் முன்பணத்தையும் ஏஜென்ட் கையால் தொடக் கூடாது. "அட்வான்ஸை என் கணக்குக்குப் போட்டுவிடுங்க, ரூமைப் பிடிச்சு வைக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

காண்டோ குடும்பத்தோடு வருபவர்களுக்கு. குடும்பத்தைச் சார்ந்தோர் அட்டையில் (டிபென்டன்ட் பாஸ்) அழைத்துவர மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி வேண்டும். அதைப் பார்த்துவிட்டு வீடு தேடலாம். சமையலறை முழுக்க உங்களுடையது, நீச்சல் குளம் உண்டு. நண்பன் மகள் குளத்திலேயே கிடந்தாள். அவனும் மனைவியும் காலை நனைத்தது இரண்டு முறை. என்னைக் கேட்டால், ஈசூனிலோ உட்லண்ட்ஸிலோ ஒரு முழு வீவக வீடு எடுத்து, மிச்சப் பணத்தில் இரண்டு முறை திருச்சி போய் வரலாம்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான், அதுவும் எங்களைப் போல ஒரு வருடம் என்று வருபவர்கள். வழக்கமான டிப்ளமேட்டிக் கிளாஸ், அதாவது வேலை முடிந்து நாட்டைவிட்டுப் போக நேர்ந்தால் பாதியில் கிளம்பலாம் என்ற பிரிவு, இரண்டு வருட ஒப்பந்தத்தில் முதல் 12 மாதம் கழிந்த பிறகே கைகொடுக்கும், இரண்டு மாத நோட்டீஸோடு. ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டு எட்டாம் மாதம் திருப்பி அழைத்தால் மிச்ச வாடகை உங்கள் தலையில்தான். பேசி மாற்றலாம், கையெழுத்துக்கு முன்னால் மட்டும். முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, 950 வெள்ளி அறைக்கு வருடத்துக்கு வெறும் 45 வெள்ளி. அதை மிச்சம்பிடிக்க "பேப்பர் எல்லாம் வேணாம்" என்பவரை நம்ப வேண்டாம்.

இப்போது கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதல் ஆறு மாதம் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை. கடுகு தாளிக்கலாமா என்று வீட்டுக்காரரிடம் நேராகக் கேட்டபின் மட்டும். வேலை நீளும் என்று தெரிந்ததும், கூட வேலை செய்பவர்களில் சரியான ஆட்களைப் பார்த்து முழு வீடு. சமைக்கவே மாட்டேன் என்பவருக்கு அறையே போதும், கடைசிவரை.

கிளம்பும்போது இன்னொரு முடிச்சு வரும். வெளிநாட்டு ஊழியர் வேலையை விட்டுப் போகிறார் என்றால் கம்பெனி ஒரு மாதம் முன்பே வரித்துறைக்குத் தெரிவித்து, வரிக்கணக்கு முடியும்வரை சம்பளத்தைப் பிடித்துவைக்கும். அதே மாதத்தில் முன்பணமும் வீட்டுக்காரர் கையில் இருக்கும். தெம்பனிஸ் அறையைக் காலி செய்தபோதே ஏர்கான் கழுவிய கணக்கில் 80 வெள்ளி பிடித்தார்கள், மீதி வர மூன்று வாரம் ஆனது. அதனால் இரண்டாம் தடவை, கிளம்ப நாலு மாதம் இருக்கும்போதே 1,500 வெள்ளியைத் தனியாக ஒதுக்கினேன். கடைசி மாதத்தில் அதுதான் ஓடியது, முஸ்தபா கடையில் ஊருக்கு வாங்கிய தைலமும் சாக்லேட்டும் உட்பட.