சுவாமிமலையில் ரிஷப வாகனர் செய்து வாங்கினோம்

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் ரிஷப வாகன தேவர் என்ற திருவெண்காட்டு வெண்கலச் சிவனைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சடையைத் தலைப்பாகை போலச் சுற்றி, காலை மாற்றிப் போட்டு நிற்பார். மடித்த கை ஒன்று எதன் மேலோ சாய்ந்தாற்போல இருக்கும். காளை மேல்தான், ஆனால் காளை அங்கே இல்லை. ராஜராஜன் காலத்தில் 1011-இல் செய்த சிலை. 1950-களின் தொடக்கத்தில் திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து எடுத்தபோது தேவர் கிடைத்தார், தேவி கிடைத்தாள், காளை மட்டும் கிடைக்கவில்லை.

மகள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு இவரைத்தான் கொடுப்பது என்று முடிவு செய்து, மாமியாரையும் அழைத்துக்கொண்டு சுவாமிமலைக்குப் போனேன். போனில் இருந்த படத்தைக் காட்டியதும் ஸ்தபதி கேட்ட முதல் கேள்வி: "ஷோகேஸுக்கா, பூஜைக்காம்மா?"

"பூஜைக்குத்தான்."

"அப்ப காளையோட செஞ்சிடுவோம்."

காணாமல் போன காளையை எதைப் பார்த்துச் செய்வீர்கள் என்று கேட்டேன். சாமியின் உருவத்தைச் சொல்லும் தியான சுலோகத்தை மெல்லச் சொல்லிக்கொண்டே ஒரு தென்னை ஓலையைக் கிழித்தார். சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துத் தாளக் கணக்குப்படி, அதாவது முக நீளத்தை அலகாக வைக்கும் சிற்ப அளவுப்படி, பிரித்தார். முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, காளையின் திமில் தேவரின் இந்த மடிப்பு வரை. ஒடியோலை என்பார்கள். படையெடுப்பு வந்தபோதெல்லாம் நம் ஊர்களில் சாமிகளை மண்ணில் புதைத்தார்கள், தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஸ்ரீரங்கத்து உற்சவர் 1323-இல் போய் 1371-இல்தான் திரும்பி வந்தார். சிலைகளைப் புதைத்துக் காப்பாற்றலாம். இந்த அளவைப் புதைத்து வைக்க முடியுமா? அப்பா சொல்லிப் பிள்ளை கேட்டுத்தான் அது வந்திருக்கிறது.

சரி, வேலை எப்படி என்று சொல்கிறேன். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் உருவம் பிடிக்கிறார்கள். அதன் மேல் காவிரி வண்டலை மெல்லிசாகப் பூசி நிழலில் உலர்த்தி, அப்புறம் தடிப்பாக மண் அப்பிக் கம்பி கட்டுகிறார்கள். வறட்டித் தீயில் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால்தான் சிலை. அதனால் ஒரு மண் கூட்டில் ஒரே சிலைதான்.

வார்ப்பு நாளன்று கட்டாயம் நேரில் போங்கள். பெரும்பகுதி செம்பு, பித்தளை, ஈயம் கொஞ்சம், வெள்ளியும் தங்கமும் பொட்டளவு. தங்கத்தை நம் கையாலேயே உலோகம் உருக்கும் மூசையில் போடச் சொன்னார்கள். நான் பர்ஸைத் திறப்பதற்குள் மாமியார் தன் தோட்டின் திருகாணியைக் கழற்றிப் போட்டுவிட்டார். எழுபத்தெட்டு வயது, முகத்தில் அனல் அடிக்க, அது உருகி மறையும்வரை நகரவில்லை.

குறையும் உண்டு. காளையின் முதல் வார்ப்பில் திமிலில் காற்றுக்குமிழி விழுந்துவிட்டது. அடைத்துத் தேய்த்துக் கொடுத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. அவர்களே காட்டி, "பூஜைக்கு இது ஆகாது" என்று மெழுகிலிருந்து திரும்ப ஆரம்பித்தார்கள். அந்த நேர்மைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் ஒரு மாதம் தள்ளிப்போனதைப் போனில் சொல்லவில்லை, நான்தான் நாலு முறை கூப்பிட்டுத் தெரிந்துகொண்டேன். கிரகப்பிரவேசத்துக்குச் சிலை வந்து சேரவில்லை, மகளுக்கு வருத்தம்தான்.

தேவர் ஒன்பது அங்குலம், காளையோடு சேர்த்து ஐந்தரைக் கிலோ, 26,000 ரூபாய். ஒரே அச்சில் பல சிலைகளை வார்க்கும் அச்சு வார்ப்பில் இதைவிட மலிவாகக் கிடைக்கும். விரல்நுனியையும் சடையின் சுற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். உளி வேலை முடிந்து கடைசியில்தான் கண் திறக்கிறார்கள். அதுவரை தேவரின் முகம் வெறும் உலோகமாகத்தான் இருந்தது.

வீட்டில் வைத்ததும் மாமியார் முதலில் பார்த்தது அந்தக் கையைத்தான். காளையின் மேல் சரியாகப் படிந்திருந்தது. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இப்பத்தான் சாமி நிம்மதியா நிக்குது" என்றார்.

ஆர்டர் கொடுப்பவர்கள் விசேஷத்துக்கு ஆறு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். அபிஷேகம் முடிந்ததும் ஈரம் போகத் துடைத்து வையுங்கள், இல்லாவிட்டால் பச்சை பூக்கும்.